கோழி செத்தால் மூடி மறைப்பதா?

சிவகாசி: பட்டாசு ஆலையில் வெடித்தால் ஊருக்கே கேட்கும். கோழிப்பண்ணையில் வியாதி விழுந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக்கூடத் தெரியாது.

ராத்திரியோடு ராத்திரியாகக் குழி தோண்டுவார்கள். சிலர் சாக்கில் கட்டி ஓடையிலோ கண்மாய்க் கரையிலோ வீசிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் நாய் இழுக்கும், காக்கா கொத்தும். வியாதி ஊர் ஊராகப் போகும்.

இந்த மூடி மறைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். அதற்குப் பண்ணைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. சர்க்காரும் கம்பெனிகளும் வழிக்கு வர வேண்டும்.

ஊர் பெயரில் வியாதி

கோழிக்கு எமன் ராணிக்கெட். கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். மூச்சு இழுக்கும். கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பு மருந்து போடாத கொட்டகைக்குள் புகுந்தால் அநேகமாகக் கூண்டோடு கைலாசம்தான்!

ராணிக்கெட் என்பது வடக்கே இமயமலைப் பக்கம் உள்ள ஓர் ஊர். 1920களின் கடைசியில் அங்கே இந்த வியாதி கண்டறியப்பட்டது. ஊர் பெயரே வியாதிக்கு வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் இதையே நியூகாசில் என்கிறார்கள். அதுவும் இங்கிலாந்தில் ஓர் ஊர்தான்.

கம்போரோ என்று இன்னொரு வியாதி. அது அமெரிக்காவில் டெலவர் மாநிலத்தில் உள்ள ஊர். இந்தக் கிருமி, குஞ்சின் எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான பையையே தாக்கி அழிக்கும். அப்புறம் மற்ற தடுப்பு மருந்துகளும் சரியாகப் பிடிக்காது.

அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வியாதியும் தெரிந்திருக்காது. மருந்தும் வந்திருக்காது.

லசோட்டா யார்?

"லசோட்டா போட்டாச்சா?" என்று பண்ணைகளில் கேட்பார்கள். லசோட்டா என்பது மருந்துக் கம்பெனி அல்ல. அமெரிக்காவில் நியூஜெர்சியில் கோழி வளர்த்த ஒரு பண்ணைக்காரரின் பெயர். 1946ல் அவர் பண்ணைக் கோழியில் இருந்து எடுத்த கிருமிதான் இன்றைக்கு உலகம் முழுக்கத் தடுப்பு மருந்தாக ஓடுகிறது.

ஆராய்ச்சி என்பது ஆகாயத்தில் இருந்து குதிப்பது இல்லை. யாரோ ஒரு பண்ணைக்காரர் வியாதிக் கோழியை எடுத்துக் கொடுத்தால்தான் ஆராய்ச்சியே ஆரம்பிக்கும்.

நம் மாநிலமும் இதில் சளைத்தது அல்ல. 1932ல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ராணிக்கெட் தடுப்பூசி தயாரித்து வருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக நிபுணர்கள், தீனி போலக் கொத்தித் தின்கிற குருணைத் தடுப்பு மருந்தை நாட்டுக்கோழிக்காகக் கண்டுபிடித்தார்கள். துரத்திப் பிடிக்க வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

மற்ற மருந்துகளை ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். நம் ஊர் வெயிலில் பஸ்ஸில் சும்மா வைத்துக் கொண்டுவந்தால் மருந்து வீண். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்து கொடுத்தாலும் வீண். பிறகு "மருந்து போட்டும் செத்துப்போச்சே" என்று புலம்ப வேண்டியதுதான்!

சொன்னவனுக்கு என்ன லாபம்?

2009ம் ஆண்டு மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள தொற்று வியாதி கால்நடைக்கோ கோழிக்கோ வந்தால் உடமைக்காரர் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திலோ சொல்லியே ஆக வேண்டும். ராணிக்கெட்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

சட்டம் சரி. சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது?

2021 ஜனவரியில் கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது. வாத்து, கோழிகளை அழித்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், குஞ்சுக்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் நஷ்டஈடு அறிவித்தார்கள். சர்க்கார் அழிக்கிற கோழிக்குத்தான் அந்தப் பணம். ராணிக்கெட்டில் தானாகச் செத்த கோழிக்கு யார் கொடுப்பார்?

கறிக்கோழி வளர்ப்பவர் பாடு இன்னும் மோசம். கொட்டகை, கரண்டு, உழைப்பு அவருடையது. குஞ்சு, தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனியுடையது. நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கோழி செத்தால் கூலி குறையும். அப்படி இருக்கும்போது, வியாதி என்று வெளியே சொல்லி அடுத்த தடவை குஞ்சு வராமல் போனால்? வாயைத் திறக்க எவருக்குத் துணிச்சல் வரும்?

மறைத்தால் வதந்தி

2006 பிப்ரவரியில் மராட்டியத்தில் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. எங்கேயோ இருக்கிற நவாப்பூருக்கு வந்த வியாதி, இங்கே நாமக்கல் முட்டை வியாபாரத்தைப் படுக்க வைத்தது. நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் கிருமி பிழைக்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஜனங்கள் நம்பவில்லை. எப்போதும் உண்மையைச் சொல்லிப் பழகினால்தானே ஆபத்து நேரத்தில் நம்புவார்கள்?

மறைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. என்ன வியாதி என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்த ஆண்டிபயாடிக்கைத் தண்ணீரில் ஊற்றுகிறார்கள். ராணிக்கெட் வைரஸ் கிருமி. ஆண்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் மற்ற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். எந்த மருந்துக்கும் மடங்காத மனுஷ வியாதிக்குக் கடைசி ஆயுதம் கொலிஸ்டின். அதைக் கோழிக்கும் கொடுத்தார்கள். 2019ல்தான் மத்திய சர்க்கார் தடை போட்டது.

பட்டாசுப் பாடம்

சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அறைக்கும் அறைக்கும் ஏன் இடைவெளி? ஓர் அறையில் ஏன் இத்தனை பேர்தான் என்று கணக்கு? ஒரு பொறி அடுத்த அறைக்குத் தாவக்கூடாது. கோழிக் கொட்டகைக்கும் அதே விதிதான். கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடைவெளி வேண்டும். வாசலில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர் வேண்டும். கடைக்குப் போய் வந்த கூண்டைக் கழுவாமல் உள்ளே விடக்கூடாது. விதியை மீறினால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்குத் தெரியும். பிணங்களை எண்ணிப் பார்த்த ஊர் இது.

ஆகவே கால்நடை இலாகா செய்ய வேண்டியது இதுதான். கோழி சாகிறது என்று சொன்ன மறுநாளே டாக்டர் கொட்டகைக்கு வர வேண்டும். எந்தத் தாலுகாவில் என்ன வியாதி என்று வாராவாரம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கம்பெனி டாக்டர்கள் கண்டுபிடிக்கும் வியாதியும் சர்க்கார் கணக்கில் ஏற வேண்டும். உண்மையைச் சொன்ன பண்ணைக்காரருக்கு நஷ்டஈட்டில் பங்கு வேண்டும்.

செத்த கோழியையும் கடைக் கழிவையும் கண்மாயில் கொட்டுகிறவர்களை மாநகராட்சியும் பஞ்சாயத்துகளும் சும்மா விடக்கூடாது.

வியாதி வந்தது கேவலம் இல்லை. மறைப்பதுதான் கேவலம். அதிகாரிகள் கண் திறப்பார்களா?