சோற்றில் மறைத்த கணக்கு

ஒரு வீட்டின் நிலைமையை அறிய விரும்புகிறவர் வாசலில் கட்டியிருக்கும் தோரணத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அடுக்களையில் என்ன வேகிறது, அரிசிப் பானையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தில் எத்தனை ரூபாய் நிலுவை நிற்கிறது என்று பார்ப்பார். நாட்டின் நிலைமையை அறிவதற்கும் இதுவே வழி. ஆனால், நமது அரசியல் மேடைகளிலும் நாளேடுகளின் தலைப்புகளிலும் தோரணத்தின் நீளம் மட்டுமே பேசப்படுகிறது. வளர்ச்சி விகிதம் ஆறா, ஏழா, எட்டா என்பதே விவாதம். அந்த வளர்ச்சி எத்தனை வீட்டு உலையில் கூடுதலாக ஒரு படி அரிசியாகவோ, ஒரு குவளைப் பாலாகவோ, ஒரு துண்டு மீனாகவோ வந்து சேர்ந்தது என்று கேட்டால், கேட்டவரே வளர்ச்சியின் பகைவர் என்று தூற்றப்படுகிறார்.

இந்தக் கேள்வி பகைமையன்று, கடமை என்பதே நமது வாதம். அதற்கு விடை காணும் கருவி கையில் இருந்தும் அதனை மழுங்கடிக்கிறவர்களை நாம் கண்டிக்கிறோம். புள்ளிவிவரம் என்றாலே பொய் என்று கையை உதறிவிட்டுப் போகிறவர்களையும், அவர்கள் நம்முடைய அன்பர்களாகவே இருப்பினும், கண்டிக்கிறோம்.

அடுக்களைக் கணக்கின் வரலாறு

குடும்பம் எதை வாங்குகிறது, எவ்வளவு வாங்குகிறது என்று ஆராய்வது நேற்றுப் பிறந்த கலையன்று. 1377-ஆம் ஆண்டில் தம் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், பெரிய நகரங்களில் தானியம் போன்ற அத்தியாவசியப் பொருள்கள் மலிவாகவும் ஆடம்பரப் பொருள்கள் விலை உயர்ந்தும் இருப்பதையும், சிற்றூர்களில் இது தலைகீழாக இருப்பதையும் கண்டு காரணம் கூறினார். கடைத்தெருவைக் கண்ணால் கண்டு எழுதிய கருத்து அது.

ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். குடும்பம் எவ்வளவுக்கெவ்வளவு ஏழையோ, அதன் செலவில் உணவின் பங்கு அவ்வளவுக்கவ்வளவு அதிகம். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இவ்விதி உலகெங்கும் பொருந்தி வருகிறது. நம் நாட்டில் தாதாபாய் நௌரோஜி, இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணக்கிட்டு, சிறைக் கைதியின் உணவுக்கும் உடைக்கும் அரசே செலவிடும் தொகையை அதனருகே வைத்துக் காட்டினார். அந்நிய ஆட்சியின் நியாயத்தை உலுக்கியதில் அந்தக் கணக்குக்கும் பெரும் பங்குண்டு.

நாட்டு வருமானத்தை அளக்கும் முறையை அமெரிக்காவில் வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934-இல் தம் அறிக்கையை அந்நாட்டு செனட் சபையின் முன் வைத்தபோதே, இந்த ஓர் எண்ணைக் கொண்டு மக்களின் நல்வாழ்வைத் தீர்மானித்துவிட முடியாது என்று எச்சரித்தார். கோலைச் செய்து கொடுத்தவரே அதன் குறையையும் சொல்லிவிட்டார். கோலைப் பிடித்திருப்பவர்களுக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

விடுதலைக்குப் பின், பேராசிரியர் மகலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் தேர்ந்த வீடுகளுக்குக் கணக்கெடுப்பவர் நேரில் செல்வார். அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, கடையில் வாங்கியது எவ்வளவு, நிலத்தில் விளைந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். இப்பணி ஆண்டு முழுவதும் நடைபெறும். அதன் நுட்பம் நம் இல்லத்தரசிகளுக்கு எளிதில் விளங்கும். நோன்பு மாதத்தில் நம் வீட்டுச் செலவு வேறு. மற்ற மாதங்களில் வேறு. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் மட்டும் வந்து கேட்டால் நாமெல்லாம் செல்வந்தராகத் தோன்றுவோம். பன்னிரண்டு மாதங்களிலும் பல வீடுகளில் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். ஏழை நாடுகளில் இத்துணை விரிவான ஆய்வுக்கு வழிகாட்டியது நம் நாடு என்பதில் பெருமை கொள்ள நமக்கு உரிமை உண்டு.

பூசணிக்காயை மறைத்தவர்கள்

அப்பெருமைக்கு நேர்ந்த இழுக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தது. ரொக்கத்தை நம்பி வாழ்ந்த சிறு கடைக்காரர், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை நம்பியிருந்தோர், பீடி சுற்றும் பெண்கள், தறி நெய்வோர் ஆகியோரின் அடுப்படியை இவ்விரண்டும் எவ்வாறு பாதித்தன? இதனை அறியக் காலம் தானாகவே ஒரு வாய்ப்பைத் தந்தது. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நாடெங்கும் நுகர்வுச் செலவு ஆய்வு நடைபெற்றது.

ஆய்வு முடிந்தது. முடிவு வரவில்லை. 2019 நவம்பரில் நாளேடு ஒன்று அதன் உள்ளடக்கத்தை வெளியிட்டது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், ஒருவரின் சராசரி மாதச் செலவு 2011-12-இல் 1501 ரூபாயாக இருந்து 2017-18-இல் 1446 ரூபாயாகக் குறைந்துவிட்டது என்றது அச்செய்தி. அதாவது 3.7 விழுக்காடு வீழ்ச்சி. அம்மாதமே, ஆய்வின் தரத்தில் குறை உள்ளது, நிர்வாகத் துறைகளின் தரவுகளோடு அது முரண்படுகிறது, ஆகவே முடிவுகளை வெளியிடுவதற்கில்லை என்று அரசு அறிவித்தது.

அரசின் வாதத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஆய்வில் குறை இருக்கலாம். வசதி படைத்தவர்கள் தம் செலவைச் சொல்லத் தயங்குவதும், ஆய்வின் தொகை நாட்டு வருமானக் கணக்கின் தொகையைவிடக் குறைவாக இருப்பதும் நெடுங்காலமாக அறிஞர்கள் அறிந்தவையே. ஆனால் குறைக்கு மருந்து மறைப்பா?

1999-2000 ஆய்வை நினைவுகூர்வோம். கடந்த 30 நாள் செலவு, கடந்த 7 நாள் செலவு ஆகிய இரண்டையும் அந்த முறை ஒரே படிவத்தில் அருகருகே கேட்டார்கள். ஒரு விடை மற்றொன்றைப் பாதித்தது. 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று அதன் பேரில் சொல்லப்பட்டது. அந்தக் குறையைக் கண்டுபிடித்தது யார்? வெளியிடப்பட்ட தரவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள். கலப்படமான எண்ணைத் திருத்தும் வழிகளை வகுத்தவர்களில் ஒருவர் ஆங்கஸ் டீட்டன். நுகர்வு, வறுமை பற்றிய ஆராய்ச்சிக்காகவே 2015-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். வெளிச்சத்துக்கு வந்த குறை அறிவாக மாறிற்று. இருட்டில் வைத்த குறை வதந்தியாகவே நிற்கிறது. வறுமை குறைந்ததாகக் காட்டிய பழுதான ஆய்வு வெளியிடப்பட்டது. செலவு குறைந்ததாகக் காட்டிய ஆய்வு பழுதானது என்று பெட்டியில் பூட்டப்பட்டது. இந்த வேறுபாட்டுக்கு நேர்மையான விளக்கம் என்ன?

அடுத்த ஆய்வு 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடந்து, 2024 பிப்ரவரியில் அதன் சுருக்கம் வந்தது. ஊர்ப்புறக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 2011-12-இல் 52.9 விழுக்காடாக இருந்தது, 46.38 ஆகக் குறைந்திருந்தது. எங்கல் விதிப்படி இது முன்னேற்றத்தின் அடையாளம். இம்முன்னேற்றம் மெய்யாயின் அதனை மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஓர் ஐயம் எழுவது இயற்கை. முன்பு ஒரு வீட்டுக்கு ஒரு முறை சென்று கேட்டவர்கள், இப்போது மும்முறை சென்று, மூன்று படிவங்களில் கேட்டார்கள். பொருள்களின் பட்டியலும் மாறியது. இம்மாற்றங்கள் நல்லவையே. ஆனால் வேறுபாட்டில் வாழ்க்கை மாறியதால் வந்தது எவ்வளவு, கேள்வி மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. இடையில் ஒரு மைல்கல் இருந்தது. அதனைப் பிடுங்கி எறிந்தவர்கள், கடந்துவந்த தூரத்தை நம்பச் சொல்கிறார்கள்!

இது கற்றவர்களின் வீண் சச்சரவன்று. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 விழுக்காடு எடை கொடுக்கப்பட்டது. அந்த எடை 2011-12 ஆய்விலிருந்து வந்தது. அக்குறியீட்டைப் பார்த்தே ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை முடிவு செய்து வந்தது. பத்தாண்டுக்கும் மேற்பட்ட பழைய கூடையை வைத்துக் கொண்டு விலைவாசியை அளந்தால், வீட்டுக் கடன் வாங்கிய ஆசிரியரும் வியாபாரக் கடன் வாங்கிய கடைக்காரரும் அந்தப் பிழையின் விலையை வட்டியாகச் செலுத்துகிறார்கள்.

அளந்து பார்த்தால்தான் தெரியும்

வாதத்தால் மட்டுமே பொருளாதாரத்தை அறிந்துவிடலாம் என்று எண்ணுவோருக்கு இரண்டு சான்றுகளைக் காட்டுகிறோம்.

விலை குறைந்தால் அதிகம் வாங்குவார்கள் என்பது பாடநூல் விதி. சீனாவின் ஹூனான் மாநிலத்தில் ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் மானியம் கொடுத்துப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். அரிசி மலிந்தபோது அக்குடும்பங்கள் அரிசியைக் குறைத்தே உண்டன. மிச்சமான காசில் வேறு உணவுக்குக் கை நீண்டது. வறியவரின் அடுக்களைக்குத் தனி நியாயம் உண்டு என்பதை நாற்காலியில் அமர்ந்து யார் ஊகித்திருக்க முடியும்?

இன்னொன்று நம் நாட்டைப் பற்றியது. 1991-இல் இறக்குமதித் தீர்வைகள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. இதனால் ஏழைகள் உயர்ந்தார்கள் என்றனர் ஒரு சாரார்; நாடே அழிந்தது என்றனர் மறுசாரார். பெட்டியா தொபலோவா என்ற ஆய்வாளர், மாவட்டம் மாவட்டமாக, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு தீர்வை குறைந்தது என்பதையும் தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவுகளையும் ஒப்பிட்டார். வெளிநாட்டுப் போட்டிக்கு அதிகம் ஆளான ஊர்ப்புற மாவட்டங்களில் வறுமை குறைந்த வேகம் பிற மாவட்டங்களைவிட மந்தமாக இருந்ததை அவர் கண்டார். நாட்டில் வறுமை குறைந்தது மெய். அந்த நன்மை எல்லாருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதும் மெய். இந்த இரட்டை உண்மையை இரு மேடைகளும் சொல்லவில்லை. அடுக்களைக் கணக்கு சொல்லிற்று.

நியாய விலைக் கடைத் தானியத்தில் எவ்வளவு வழியில் காணாமற்போகிறது என்பதையும் இதே ஆய்வைக் கொண்டே அறிந்தோம். அரசு அனுப்பிய அளவையும், மக்கள் வாங்கியதாகச் சொன்ன அளவையும் ஒப்பிட்டு, ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் கணக்கிட்டார்கள். 2004-05-இல் 54 விழுக்காடாக இருந்த கசிவு 2011-12-இல் 42 விழுக்காடாகக் குறைந்திருந்தது. திருட்டையும் காட்டியது, திருந்தியதையும் காட்டியது இந்தக் கணக்கு. இத்தகைய சாட்சியை வாய்மூடச் செய்வதால் ஆதாயம் யாருக்கு என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

நம் பக்கத்துக் குறை

பிறரைக் கண்டித்த நாம் நம்மையும் விட்டுவைக்கலாகாது. கணக்கெடுப்பவர் வந்து கதவைத் தட்டினால், வரிக்காக வந்தவரோ, வேறு எதற்கோ என்று அஞ்சி, ஆளில்லை என்று சொல்லி அனுப்பும் வீடுகள் நம் தெருக்களில் இல்லையா? வாங்கிய நகையை மறைத்து, வாங்காத கடனைச் சொல்லி அனுப்புவோர் இல்லையா? பிறகு, ‘எங்கள் நிலையை எவரும் அறியவில்லை’ என்று கூட்டம் போட்டு முழங்குகிறோம். சொல்லாத நிலையை எவர் அறிவார்? அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றிய கணக்கைத் தானே மறைக்கிறவன், மறைக்கும் அரசைக் குறை சொல்லும் தகுதியை இழக்கிறான்.

எனவே நாம் கோருவன மூன்று. ஒவ்வோர் ஆய்வின் முடிவும் இன்ன நாளில் வெளிவரும் என்று முன்கூட்டியே சட்டத்தால் குறிக்கப்பட வேண்டும். அந்த நாளை மாற்றும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் இருக்கலாகாது. குறை இருப்பின் குறையோடும், குறை இன்னதென்ற விளக்கத்தோடும் வெளியிட வேண்டும். கேட்கும் முறையை மாற்றினால், ஒரு பகுதி வீடுகளில் பழைய முறையிலும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட வழி செய்ய வேண்டும்.

வாசக அன்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. கணக்கெடுப்பவர் வரும்போது அமரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு உலையில் இட்ட அரிசி, நாட்டின் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய எண். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயல்கிறவர்களுக்கு, அந்தச் சோறே எவ்வளவு என்று அளந்து காட்டுவதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.