பகிடிவதை உறவை வளர்க்குமா?

"பகிடிவதை இல்லாவிட்டால் மாணவரிடையே ஒற்றுமை இராது" என்னும் வாதத்தைப் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் நான் கேட்டிருக்கிறேன். மாணவர் மட்டுமன்று, பட்டம் பெற்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உயர்ந்தோரும் இதனையே சொல்கின்றனர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கூடும் பழைய மாணவர், தாம் பட்ட வதையையும் பிறருக்குச் செய்த வதையையும் இனிய நினைவுகளாகவே பரிமாறிக்கொள்கின்றனர்.

இந்த வாதத்துக்கு உயிர் கொடுப்பது புதுமுக மாணவரின் தனிமையே. மன்னாரிலிருந்தோ மூதூரிலிருந்தோ முதன்முறையாக வீட்டைப் பிரிந்து பேராதனையிலோ மொறட்டுவையிலோ வந்திறங்கும் பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது. விடுதியில் இடம் பெறும் வழியும் மகாபொல உதவிப்பணத்துக்கு யாரை அணுகுவதென்பதும் தெரியா. அறிமுக நிகழ்ச்சிகள் முடிந்தபின் நிருவாகம் ஒதுங்கிக்கொள்ள, வழிகாட்டுபவர் சிரேஷ்ட மாணவரே. பழைய வினாத்தாள்களைத் தருபவரும், காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவரும் அவரே. அந்த உதவிக்கு விலையாக அடிபணிவு கேட்கப்படுகிறது. மறுப்பவர் ஒதுக்கப்படுகிறார். இதற்கு உறவு என்று பெயரா? அச்சத்தால் ஒட்டியிருப்பதை ஒற்றுமை என்பது மொழிக்கே செய்யும் அநீதி.

1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அவ்வழக்கில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரும் தமிழ் மாணவரே. அந்நிய ஊரில் நம்மவருக்கு நம்மவர் அளித்த வரவேற்பு அது! மறு ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கடுங்காயம் விளைவிப்போருக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது. ஆயினும் கால் நூற்றாண்டு கடந்தும் பகிடிவதை ஒழியவில்லை. தனிமைக்கு மாற்று அளிக்காத சட்டம் தண்டிக்கலாம், தனிமையைப் போக்காது.

மாற்று இல்லாமலில்லை. 1960களில் அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு கூத்துகளை மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. மட்டக்களப்பிலிருந்து வந்த மௌனகுரு என்ற மாணவர் இராவணனாக ஆடினார். ஊரில் கற்ற ஆட்டம் அங்கே இழிவாகவில்லை, மதிப்பாயிற்று. பல ஊர்ப் பிள்ளைகளை ஒன்றுசேர்க்க ஒத்திகையும் மத்தளமும் போதுமாயிருந்தன. எவரையும் முழந்தாளிடச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். புதுமுக மாணவரை வரவேற்று வழிநடத்தும் கடமையைப் பல்கலைக்கழகமும் தமிழ்ச் சங்கங்களும் ஆண்டு முழுவதும் ஏற்கட்டும். புலம்பெயர்ந்த பழைய மாணவர் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இதற்குச் செல்லட்டும். அதற்கு முன்னர், விருந்துகளில் அவ்வதைக் கதைகளுக்குச் சிரிப்பதையாவது அவர்கள் நிறுத்தட்டும்.