வெள்ளத் திட்டம் யார் கையில்?

மழை பெய்வது இயற்கை. மழைத் தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதும் இயற்கை. ஆனால் அந்தப் பள்ளத்தை மனை பிரித்து, விலை பேசி, பத்திரம் பதிந்து, வீடு கட்டவிட்டு, வரியும் வாங்கிக்கொண்ட பிறகு, அங்கே தண்ணீர் வந்ததும் "கடவுள் செயல்" என்று கையை விரிப்பது இயற்கையல்ல. அது சுத்தப் பித்தலாட்டமாகும். இதில் பாமர ஜனங்களைவிடப் படித்த உத்தியோகஸ்தர்களுக்கே பங்கு அதிகம் என்பது நமது அபிப்பிராயம். அவர்கள் கடவுள் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு "நூறாண்டு காணாத மழை" என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். அதாவது, எங்களை ஒருவரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதேயாகும்.

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி சென்னையில் என்ன நடந்தது? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. பெருமழைதான், மறுப்பாரில்லை. ஆனால் ஊரை முழுகடித்தது மழை மாத்திரமா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஏரியை நிர்வகித்த முறை சரியல்ல என்றும், இந்த வெள்ளம் மனிதரால் விளைந்த ஆபத்தே என்றும் 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொல்லிற்று. இதைச் சொன்னது நாஸ்திகர்கள் அல்ல, சர்க்காரின் கணக்கப்பிள்ளை!

நாம் கேட்பது இதுதான். 29,000 கன அடி என்றால் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் கரையோரம் குடியிருக்கும் ஒரு தாய்க்கு என்ன விளங்கும்? "தாழ்வான பகுதியினர் ஜாக்கிரதையாக இருக்கவும்" என்று சொல்லிவிட்டால் போதுமா? எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் வரும்? வந்தால் எங்கே போவது? கிழவரை யார் தூக்குவது? இவற்றுக்குப் பதில் இல்லாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. பின்னால் விசாரணை வந்தால் காட்டுவதற்கு வைத்துக்கொண்ட ரசீதாகும்.

திட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஜில்லாவுக்கு ஜில்லா கலெக்டர் தலைமையில் திட்டமுண்டு. அது பீரோவில் பத்திரமாக, நனையாமல் இருக்கிறது. நனைகிறவர்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்டு எழுதப்பட்டதா என்பதே கேள்வி. ஒரு தெருவில் தண்ணீர் முதலில் எந்த மூலையில் ஏறும், எந்தச் சாக்கடை எதிர்த்து வரும், எந்தக் கல்வெட்டுப் பாலத்தில் குப்பை அடைக்கும் என்பது அங்கே இருபது வருஷம் குடியிருப்பவர்களுக்கு, விசேஷமாகப் பெண்களுக்கு, நன்றாய்த் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஏரியின் மதகுக் கணக்கு. என்ஜினீயருக்கு மதகு தெரியும், தெரு தெரியாது. இந்த இரண்டு அறிவையும் ஓரிடத்தில் சேர்ப்பதுதான் ஜனங்கள் போடும் வெள்ளத் திட்டம் என்பது. இத்தனை கன அடி திறந்தால் இந்த மட்டம் என்று ஒவ்வொரு தெருவிலும் மின்சாரக் கம்பத்தில் வர்ணக் கோடு போடலாம். படுக்கையில் கிடப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, கண் தெரியாதவர் யார் யார் என்று தெருவாரி ஜாபிதா எழுதலாம். இதற்குக் கோடி ரூபாய் வேண்டுமா? ஒரு டப்பா வர்ணமும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்பவர்கள் வங்காள தேசத்தைப் பார்க்கட்டும். 1970 நவம்பர் புயலில் அங்கே மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1972 முதல் செஞ்சிலுவைச் சங்கமும் சர்க்காரும் சேர்ந்து கிராமத்தார்களையே தொண்டர்களாகப் பழக்கின. கொடி ஏற்றுவதும், ஒலிபெருக்கியோடு வீடுவீடாய்ப் போவதும் அவர்கள் வேலை. இன்று எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள்; பாதிப்பேர் பெண்கள். 2020 மே மாதத்தில் ஆம்பன் புயல் வருமுன் 20 லட்சம் பேருக்கு மேல் அங்கே இடம் மாறினார்கள். செத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஐம்பது வருஷத்துக்குள் கடவுள் மனம் மாறிவிட்டாரா, அல்லது மனிதன் புத்தி மாறிற்றா?

நம்மவர் புத்தி எப்படி என்றால், 2015-ல் முழுகிய அதே சென்னை 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது, இந்து அறநிலைய இலாகா மழைக்காகக் கோயில்களில் யாகம் செய்யச் சுற்றறிக்கை விட்டது. ஏரியைத் தூர்த்துவிட்டு வருணனுக்கு மனுப்போடுவது! மாம்பலத்து ஏரியின் மேல்தான் தியாகராய நகர் எழுந்தது. அது ஜஸ்டிஸ் கட்சி மந்திரிகள் காலத்து வேலை என்பதற்காக நாம் அதை மறைக்கப் போவதில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரிபார்க்கும் சாலை என்று இங்கிலீஷில் பேர் மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ பெரும் பகுதி கரைந்து போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் முடிச்சூரும் மறுபடி முழுகின. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! அந்த ஜில்லாவின் ஒரு வருஷ மழையைவிட இது அதிகம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது விஞ்ஞானம். ஆகவே "நூறாண்டு காணாத மழை" என்ற சமாதானம் இனி வருஷந்தோறும் சொல்ல வேண்டியதாகும்.

நிற்க. "ஜனங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற பேச்சில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. குடிமராமத்து என்று புகழுகிறார்களே, அதற்காக 1858-ல் வெள்ளைக்காரன் கட்டாய வேலைச் சட்டமே போட்டான். பல ஊர்களில் மதகு திறந்து மூடும் நீர்க்கட்டி வேலை ஆதித்திராவிடன் தலையில்; பாய்ந்த நிலம் மிராசுதாரனுடையது. 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னைக் குப்பையை வார வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் யார்? 2004 கடல் கொந்தளிப்பின்போது நாகை ஜில்லா முகாம்களில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் யார்? அடையாற்றங்கரையிலிருந்து ஆக்கிரமிப்பு என்று பெயர்த்து, தண்ணீர் தேங்கும் பெரும்பாக்கத்திலேயே கொண்டுபோய்ப் போடப்பட்டவர்கள் யார்? ஆற்றையொட்டி எழுந்த பெரிய மாளிகைகள் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த ஜாதி முறையை அப்படியே வைத்துக்கொண்டு போடும் திட்டத்துக்கு ஜனங்கள் திட்டம் என்று பேர் வைப்பது மோசடி. மண்வெட்டி பிடிப்பவன் கையிலேயே வரைபடமும் இருக்க வேண்டும். மதகைத் திறக்கும் உத்தரவு அதிகாரிகளுக்குப் போகும் அதே நிமிஷத்தில் தெருத் தொண்டனுக்கும் போக வேண்டும். ஏரியைக் காப்பதும் வடிகால் கட்டுவதும் சர்க்கார் கடமை. அதில் ஒரு அணாவும் நாம் தள்ளிக் கொடுக்கத் தயாரில்லை.

வடகிழக்குப் பருவ மழை அக்டோபரில் துவங்கும். சென்னையில் மாத்திரம் 200 வார்டுகள் இருக்கின்றன. 2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களில் வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் உண்டு. தோழர்கள் மழைக்கு முன் கூடும் சபைக்குத் தவறாமல் சென்று, இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தால் நமது தெருப் பள்ளிக்கூடத்தின் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று முதலில் கேட்டு, கிடைக்கும் பதிலை மினிட் புத்தகத்தில் எழுதி வாங்கிவர வேண்டுகிறோம்.