நம் கையே நமக்கு நிழல்

உங்கள் வீட்டில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா?

'ஓ, இருக்கே' என்பீர்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் வம்பு. ஃப்ரிட்ஜ் தலையில் தேடி, தையல் மெஷின் டிராயரில் தேடி, பரணில் முறுக்கு அச்சோடு தேடி, கடைசியில் காய் நறுக்கும் கத்தியால் திருகுவோம். கத்தி முனை வளையும், திருகின் தலை வழியும். 'இந்தக் காலத்துச் சாமானே இப்படித்தான்' என்று தீர்ப்பு வழங்கிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

நான் அந்த ரகம். என் அப்பா வேறு ரகம். பெரம்பூர் ரயில்வே ஒர்க் ஷாப்பில் 34 வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆன மறுநாளே, கார் இல்லாத எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மேஜையைப் போட்டார். தெருவிலுள்ள மிக்ஸி, டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அங்கே வந்து போகும். கூலி கிடையாது, ஒரு காபியோடு சரி. அந்தக் காபியையும் போட்டுக் கொடுப்பது அம்மா.

ஒன்றரை வருஷமாக ஷெட் பூட்டிக் கிடந்தது. கேட்டால், "கை நடுங்குதுடா" என்பார். நாங்களும் வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டோம். 'காசிக்குப் போய்ட்டு வாங்களேன்' என்று யோசனை சொன்னேன். வேலை இல்லாத பெரியவர்களுக்கு ஆபீஸ்காரப் பிள்ளைகள் சொல்லும் யோசனை அதுதானே!

போன சித்திரையில் ஒருநாள் அரைநாள் லீவில் வீட்டுக்கு வந்தேன். வாசல் வேப்பமரத்தடியில், தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, அப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு மிக்ஸிக்கு கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருந்தார். கை துளிகூட நடுங்கவில்லை.

"என்னப்பா இது? உள்ளே மேஜை இருக்கே?"

"இங்கேதாண்டா தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. கோளாறு அவர் கையில் இல்லை. எங்கள் ஷெட்டில் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். 10-க்கு 12 அடி. சுவரெல்லாம் புகைக் கலர். ஒரே ஒரு 40 வாட்ஸ் டியூப், அதுவும் மேஜைக்கு எதிர்ச் சுவரில். அப்பா மேஜை முன்னால் உட்கார்ந்தால் வெளிச்சம் முதுகில் விழும். அவர் தலையும் தோளும் கையும்தான் மிக்ஸி மேல் நிழலாக விழும். எந்த இடத்தைப் பார்க்கவேண்டுமோ அந்த இடத்தைத் தன் கையாலேயே மறைத்துக்கொண்டு ஒரு மனிதர் இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறார்.

ஆபீஸில் நான் அக்கவுன்ட்ஸ். மனசு சங்கடப்பட்டால் கணக்குப் போடுவேன். போட்டேன்.

வெளிச்சத்தின் அளவு லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். உச்சி வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். மரத்தடியில் அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம். எங்கள் ஷெட் சுமார் 11 சதுர மீட்டர். அந்த டியூப் புதுசாக இருந்தபோது கொடுத்தது சுமார் 2,400 லூமன். அழுக்குச் சுவர் பாதிக்கு மேல் தின்றுவிடும். மேஜைக்கு வந்து சேர்வது 100 லக்ஸ் இருந்தால் அதிகம். கைவேலைக்கு 500-ஆவது வேண்டும்.

கதை அங்கேயும் முடியவில்லை. வயசானால் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயசுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயசுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதாவது அப்பாவுக்கு அந்த 100 லக்ஸ், ஒரு காலேஜ் பையனுக்கு 33 லக்ஸ் மாதிரி. திருவிழாக் கூட்டத்தில் ஊசி தேடுவது இதைவிடச் சுலபம். இதில் வேடிக்கை, தானாகவே எரிகிற கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு என் ஆபீஸ் மேஜைக்கு மேலே நாலு லைட்!

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "ஷெட்டுக்கு ஆறு எல்.ஈ.டி. டியூப்" என்றதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மனைவி இரண்டு மாதிரியாகப் பார்த்தாள். "ஹால்ல ஒண்ணு, ஷெட்ல ஆறா?"

கணக்கைக் காட்டினேன். 11 சதுர மீட்டருக்கு 500 லக்ஸ் என்றால் 5,500 லூமன். சுவர், தூசி, வயசாகும் விளக்கு என்று பாதி போய்விடும், ஆகவே 11,000. ஒரு 20 வாட்ஸ் எல்.ஈ.டி. டியூப் 2,000 லூமன். ஐந்தரை வாங்க முடியாது, ஆறு. மொத்தம் 120 வாட்ஸ். பழைய டியூபும் சோக்கும் சேர்ந்து ஐம்பது வாட்ஸ் தின்றதை நினைத்தால், இரண்டு சொச்சம் மடங்கு கரண்டுக்கு ஐந்து மடங்கு வெளிச்சம். மனைவி சமாதானமாகவில்லை, ஆனால் எதிர்த்துப் பேச அவளிடம் லூமன் இல்லை.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். நாலு டியூப் கூரையில், இரண்டு வரிசையாக. முன்வரிசை மேஜையின் முன்விளிம்புக்கு நேர்மேலே, தலைக்குப் பின்னால் அல்ல. மீதி இரண்டு, மேஜைக்கு மேலுள்ள பலகையின் அடியில். முகத்துக்கு முன்னாலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் நம் பக்கம் சாயும், வேலை மேல் விழாது.

கூரைக்கும் சுவருக்கும் வெள்ளை, அதுவும் பளபளக்காத வெள்ளை. பளபளப்பு கண்ணைக் கூசும். வெள்ளைக் கூரை காசில்லாமல் எரியும் ஏழாவது டியூப்.

இங்கே ஒரு ஆபத்தான வேடிக்கையைச் சொல்லவேண்டும். நம் கரண்ட் 50 சைக்கிள். பழைய சோக் வைத்த டியூப் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். மட்டமான எல்.ஈ.டி.யும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிரில்லிங் மெஷின் சக்கில் மூன்று தாடை இருக்கிறது. நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு மினுக்குக்கும் அது சரியாக மூன்றில் ஒரு சுற்று திரும்பியிருக்கும். ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை! ஓடுகிற சக், நிற்பது மாதிரி தெரியும். நின்றுவிட்டதே என்று கை வைத்தால், அப்புறம் விரல்களை எண்ணிப் பார்க்கவேண்டியதுதான். லைட் வாங்குமுன் அதன் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் வேண்டாம். விசிறி மாதிரி ஒரே மசமசப்பாகத் தெரிந்தால் வாங்கலாம். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அடுத்தது கரண்ட். ஷெட்டில் இருந்தது ஒரே பிளக். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதிலிருந்து இன்னொன்று, கூட்டுக்குடும்பம்! புதிதாக நாலு சுவரிலும் பிளக் வைத்தோம். தரையிலிருந்து நாலு அடி உயரத்தில், மேஜைக்கு மேலே. மேஜைக்கு அடியில் வைத்தால் குனிந்து குத்துமதிப்பாகச் சொருகவேண்டிவரும். லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். ஒயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு நாலு. லைட்டும் பிளக்கும் தனித்தனி லைன். ஒரே லைனாக இருந்தால், மெஷின் மக்கர் செய்து டிரிப் ஆகும்போது லைட்டும் அணையும். ஓடி ஓயாத ரம்பத்தோடு இருட்டில் நிற்பது எந்த எதிரிக்கும் வேண்டாம். பவர் கட் சமயத்துக்காக ஒரு டியூபை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டோம்.

"ஆர்.சி.சி.பி. போடணும்" என்றேன்.

"எதுக்கு சார் அது? எம்.சி.பி. இருக்கே" என்றார் எலக்ட்ரீஷியன்.

நம்மில் பல பேருக்கு இந்தக் குழப்பம். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 ஆம்பியர் வரை 'போ ராஜா' என்று விட்டுவிடும். நம் இதயத்தைத் தாறுமாறாக்க அதில் இருநூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி. போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், 'யார் உடம்பு வழியாகவோ போகுது' என்று கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அக்கவுன்ட்ஸ்காரனான எனக்கு இதைப் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. ஒரு கையால் ஃபேஸும் மறு கையால் நியூட்ரலும் பிடித்தால் மட்டும் அதற்குக் கணக்கு டாலி ஆகிவிடும், காப்பாற்றாது. மற்றபடி உத்தமன்.

லைட்டுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று மாட்டினோம். ஷெட்டுக்கு எர்த் ஒயரே வராமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மெயின் போர்டிலிருந்து இழுத்தோம். அப்பாவின் கிரைண்டிங் மெஷினுக்கு இரண்டு பின் இருந்ததை எடுத்துவிட்டு, எர்த்தோடு மூன்று பின் மாட்டினார் எலக்ட்ரீஷியன். எர்த் பின் மட்டும் ஏன் நீளம் என்று யோசித்திருக்கிறீர்களா? சொருகும்போது முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் மாதிரி. அதைத்தான் நாம் 'ஓட்டையில் நுழையலை' என்று வெட்டி எறிகிறோம்.

அப்பா ஸ்விட்சைப் போட்டார். 'டப்'. மறுபடி போட்டார். 'டப்'.

"புதுச் சாமான் சரியில்லை தம்பி" என்றார் அப்பா.

எலக்ட்ரீஷியன் டெஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, "சாமான் சரியாத்தான் இருக்கு பெரியவரே. உங்க மெஷின் பாடி வரைக்கும் கரண்ட் வருது. இதுக்கு முன்னாடி ஷாக் அடிச்சதில்லையா?" என்றார்.

"லேசா ஒரு தட்டு தட்டும். ரப்பர் செருப்பு போட்டுப்பேன். பழகிடுச்சு."

யாரும் பேசவில்லை. அம்மா மட்டும், "எத்தனை வருஷமா?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் கூரையில் டியூபை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்றிருந்தால்? அந்தக் கணக்கை மட்டும் நான் போடவில்லை.

மீதி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரைக்கு டைல்ஸ் வேண்டாம் என்று சிமெண்ட்டே போட்டோம். மரத்தூள் விழுந்தால் டைல்ஸ் வழுக்கும். வெளிர்ச் சாம்பல் தரையில் விழுந்த திருகும் சீக்கிரம் கண்ணில் படும். நிற்கிற இடத்தில் ஒரு ரப்பர் மேட். எதிர்ச் சுவர் ஜன்னலைத் திறந்துவைத்து, இந்தப் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே மூக்குக்கு மாஸ்க்கும் உண்டு. சுவரில் ஒரு இஞ்ச் ரீப்பர் அடித்து அதன் மேல் ப்ளைவுட். ஓதமும் கரையானும் நேரடியாக ஏறாது.

'நான் இருப்பது வாடகை ஃப்ளாட், ஷெட்டுக்கு எங்கே போவேன்' என்கிற பிரம்மச்சாரி வாசகர்களுக்கு: ஜன்னலோரம் ஒரு மேஜை போதும். வலக்கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கம், இடக்கைக்காரர் என்றால் வலப்பக்கம். அப்புறம் மெயின் போர்டைத் திறந்து, 'T' என்று எழுதிய பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். வீடு இருட்டானால் நல்ல சகுனம். இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அட்வான்ஸ் வாங்கியவருக்குக் காது கேட்காது, இரண்டு தடவை பேசுங்கள்.

எல்லாம் முடிந்த அன்று ராத்திரி எட்டு மணி. அப்பா ஆறு டியூபையும் போட்டுவிட்டு ஒரு ரெசிஸ்டரைக் கையில் எடுத்தார். "பிரவுன், பிளாக், ரெட்..." என்று கோடுகளைப் படித்தார். கண்ணாடியைக்கூடச் சரிசெய்யவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நாலாவது வீட்டு மிக்ஸியை நான்தாண்டா எரிச்சுட்டேன். ஒரு ஒயர் பிசிறு பாடில பட்டுக்கிட்டு இருந்தது, தெரியலை. புதுசு வாங்கப் பணம் குடுத்துட்டேன். அப்புறம் தொடறதுக்கே பயமாப் போச்சு. உங்கம்மாகிட்ட சொல்லாதே."

கை நடுங்கியதற்குக் காரணம் அது. ஒன்றரை வருஷம் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை, காசிக்கு டிக்கெட் பார்த்திருக்கிறேன்.

இப்போது ப்ளைவுட் பலகையில் ஒவ்வொரு சாமானுக்கும் பென்சிலால் உருவம் வரைந்திருக்கிறார். சுத்தியலுக்கு சுத்தியல் படம், குறடுக்குக் குறடு படம். எது காணோம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நேற்று காலை ஒரு ஸ்குரூ டிரைவர் படம் மட்டும் காலியாக இருந்தது.

"யாருடா எடுத்தது?" என்று ஷெட்டிலிருந்து சத்தம்.

ஃப்ரிட்ஜ் தலையில் இருக்கிறது. டீ குடித்துவிட்டுப் போய் வைத்துவிடுகிறேன்.