இளநீரும் உறிஞ்சுகுழலும்

தென்னை பயிரிடுவோர் தமது பொறுப்பு தோப்பின் வேலியோடு முடிந்துவிடுகிறதென்று கருதுவது வழக்கம். குலைகளை இறக்கி, காய்களை எண்ணி, லாரியில் ஏற்றி, பணத்தைப் பெற்றுக்கொண்ட பின்னர், அக்காய்கள் எவ்விடம் சென்றன, எவ்விதம் உபயோகப்பட்டன என்று அவர்கள் விசாரிப்பதில்லை. வியாபாரத்தில் இது இயல்பே. ஆயினும் இளநீர் விஷயத்தில் மட்டும் சற்று விசாரித்தல் நலம் என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை விவசாயிகள் முன்னிலையிலும் கிராம அதிகாரிகள் முன்னிலையிலும் இங்கே வைக்கிறோம்.

பொள்ளாச்சி, ஆனைமலை முதலிய பகுதிகளிலிருந்து சென்னைக்கு வரும் இளநீரில் ஒரு பகுதி ராயப்பேட்டையில் விலையாகிறது. 1911-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ராயப்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரியின் பக்கத்திலும், மணிக்கூண்டைச் சுற்றியுள்ள சாலைகளிலும், ஜாம்பஜார் மார்க்கெட்டுக்குப் போகும் வழியிலும் தள்ளுவண்டிக்காரர்கள் காய்களைக் குவித்து வைத்திருப்பர். நோயாளியைப் பார்க்க வருவோர், வெயிலில் அலைந்த தொழிலாளர், பள்ளிப் பிள்ளைகள் ஆகிய பலரும் அவர்களிடம் வாங்கிக் குடிக்கின்றனர். காயின் தலையை அரிவாளால் சீவி, சிறு துளை செய்து, அதில் ஒரு பிளாஸ்டிக் குழலைச் செருகிக் கொடுப்பது பல ஆண்டுகளாக நகரத்து வழக்கமாகிவிட்டது. கடைத்தெருவில் 'ஸ்ட்ரா' என்று சொல்லப்படுவது இதுவே.

இக்குழலின் எடை அரைக் கிராமுக்கும் குறைவு. அதன் உபயோகம் இரண்டு மூன்று நிமிஷங்களுக்கு மேல் இல்லை. ஆனால் அது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் செய்யப்பட்டதாகையால், ஓலையைப் போலவோ வைக்கோலைப் போலவோ மட்கிப் போவதில்லை. வெயிலில் கிடந்து நொறுங்கிச் சிறு சிறு துண்டுகளாகுமேயன்றி மண்ணோடு மண்ணாவதில்லை. பாட்டிலையும் டப்பாவையும் பொறுக்கி எடைக்குப் போட்டுப் பிழைப்போர்கூட இதைக் குனிந்து எடுப்பதில்லை. நூறு குழல் சேர்ந்தாலும் ஐம்பது கிராம் தேறாத பொருளுக்கு எவர் விலை கொடுப்பார்? ஆகவே விழுந்த இடத்திலேயே அது கிடக்கிறது. மழைக் காலத்தில் தெரு வடிகாலில் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் போன்ற நீர்வழிகளில் சேர்ந்து, கடைசியில் கடலை அடையவும் கூடும்.

கடலில் சேர்ந்தால் என்ன தீங்கு நேரும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2015-ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகா நாட்டின் கடலில், ஓர் ஆமையின் மூக்கினுள் ஆழப் புதைந்திருந்த பிளாஸ்டிக் குழலை ஆராய்ச்சியாளர்கள் இடுக்கியால் பிடுங்கி எடுத்த காட்சியை உலகமெங்கும் ஜனங்கள் கண்டனர். அது ஆலிவ் ரிட்லி இனத்தைச் சேர்ந்த ஆமை. நமது மீனவர்கள் பங்குனி ஆமை என்று வழங்கும் அதே இனந்தான் வருஷந்தோறும் சென்னைக் கடற்கரை மணலில் ஏறி முட்டையிடுகிறது. ராயப்பேட்டையிலிருந்து அக்கடற்கரை வெகு தூரத்தில் இல்லை.

கடலின் கவலை விவசாயிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடலுக்குப் போகாத குழல் நிலத்துக்கே திரும்புகிறது என்பது அவர்களுக்கு நமது விடை. நகரத்துக் குப்பை பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற கிடங்குகளில் மலையாகக் குவிந்த வரலாறு யாவரும் அறிந்ததே. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பாகத்தையே மூடிக்கொண்டது. பிரித்தெடுக்காத குப்பையிலிருந்து தயாரித்த எருவை வாங்கி வயலில் இட்டவர்கள், உழும்போது பிளாஸ்டிக் துண்டுகள் புரண்டு வருவதைக் கண்டிருப்பார்கள். குப்பையில் மேயும் கால்நடைகளின் இரைப்பையில் பிளாஸ்டிக் சேர்ந்து, அவை தீனி எடுக்காமல் மெலிவதும், அறுவைச் சிகிச்சை செய்து அதை வெளியே எடுக்க நேர்வதும் கால்நடை வைத்தியர்களுக்குப் பழகிய விஷயங்கள்.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்யப் போவதாகத் தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி சட்டசபையில் அறிவித்தது. அம்மாதம் 25-ஆம் தேதி 84-ஆம் எண்ணுள்ள அரசாணை பிறந்தது. 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் உறிஞ்சுகுழலும் ஒன்று. பின்னர் மத்திய சர்க்கார் 2021 ஆகஸ்டு 12-இல் வெளியிட்ட விதிகளின்படி, 2022 ஜூலை 1 முதல் தேசமெங்கும் பிளாஸ்டிக் குழலைச் செய்வதும், சேமிப்பதும், விற்பதும், உபயோகிப்பதும் விலக்கப்பட்டன. சிறு பெட்டிகளில் பானம் அடைத்து விற்கும் கம்பெனிகள் கால அவகாசம் கோரியும் பயன் விளையவில்லை. அவை காகிதக் குழல் முதலியவற்றுக்கு மாறின. இவ்வளவு இருந்தும் பழைய வழக்கம் முற்றும் ஒழியவில்லை என்பதைத் தெருவில் கண்ணைத் திறந்து நடப்போர் அறிவர். தள்ளுவண்டிக்காரர்மீது அபராதம் விதிப்பதால் மட்டும் ஒழியக்கூடிய வழக்கமும் அன்று இது. கேட்கிறவர் இருக்கும் வரையில் கொடுக்கிறவரும் இருப்பார்.

உலகத்துப் பிளாஸ்டிக் குப்பை முழுவதையும் நிறுத்துப் பார்த்தால் உறிஞ்சுகுழல் அதில் மிகச் சொற்பமே என்று சிலர் ஆக்ஷேபிக்கின்றனர். அது மெய்தான். குழலை ஒழித்ததாலேயே கடல் சுத்தமாகிவிடும் என்று நாமும் கூறவில்லை. ஆனால் பாலுக்கு உறையும், விதைக்குப் பையும், பாசனத்துக்குக் குழாயும் இன்று எளிதில் விலக்க முடியாதவை. உறிஞ்சுகுழலோ தேகசௌக்கியமுள்ள மனிதனுக்கு அறவே தேவையில்லாதது. தேவையில்லாததைக்கூட விட மனமில்லாதவர் தேவையுள்ளதில் எப்படிச் சிக்கனம் செய்யப் போகிறார்? மேலும், பாட்டில் பானங்களுக்கு எதிரே நமது இளநீர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது, அது கலப்பற்றது, மரம் தந்தபடியே கைக்கு வருவது என்பதேயாகும். அதன் தலையிலேயே பிளாஸ்டிக்கைச் செருகிக் கொடுப்பது நம் சரக்கின் பெயரை நாமே குறைத்துக்கொள்வதாகும்.

'ஸ்ட்ரா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே வைக்கோல் என்று பொருள் என்பதை நமது வாசகர்கள் கவனித்தல் வேண்டும். முற்காலத்தில் மேல்நாட்டார் ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் உலர்ந்த தாளையே பானத்தில் இட்டு உறிஞ்சினர். அது பானத்தில் புல்வாடையை ஏற்றியதால், அமெரிக்காவில் மார்வின் ஸ்டோன் என்பவர் காகிதத்தைச் சுருட்டிக் குழல் செய்து 1888-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பிளாஸ்டிக் குழல் அதற்கு வெகு காலம் பின்னர் வந்து, மலிவினால் மற்றவற்றைத் தள்ளிவிட்டது. ஆகவே, வயலில் விளைந்த ஒரு பொருளின் இடத்தைத்தான் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை வயலும் தோப்பும் மீண்டும் பெற முடியுமா என்பதே விவசாயி கேட்க வேண்டிய கேள்வி.

பதிலாகச் சொல்லப்படும் பொருள்கள் எல்லாம் குற்றமற்றவை அல்ல. காகிதக் குழல் சிறிது நேரத்தில் நனைந்து தளர்கிறது. 2023-இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், சோதித்த காகிதக் குழல்களில் பெரும்பாலானவற்றில் எளிதில் அழியாத சில இரசாயனங்கள் சிறிதளவு காணப்பட்டன. மக்காச்சோள மாவு முதலியவற்றினின்று செய்யும் 'மக்கும் பிளாஸ்டிக்' குழல், ஆலைகளிலுள்ள எரு உலையின் சுமார் 60 டிகிரி உஷ்ணத்தில்தான் நன்கு மட்கும். தெருவோரத்திலும் வரப்பிலும் அது நெடுநாள் அப்படியே கிடக்கும். எஃகுக் குழல் வீட்டுக்கு ஏற்றது. உள்ளே தூரிகை விட்டுக் கழுவ வேண்டியிருப்பதால் தள்ளுவண்டிக்கு ஏற்றதன்று.

இந்நிலையில் தென்னை ஓலைக் குழல் நமது கவனத்துக்கு உரியது. பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதிக்கும் சாஜி வர்கீஸ் என்பவர், காய்ந்து உதிர்ந்த தென்னோலை தானே குழல்போற் சுருண்டு கிடப்பதைக் கண்டு, அதனின்று உறிஞ்சுகுழல் செய்யும் முறையை உண்டாக்கினார். ஓலையைக் கழுவி, அழுத்தமுள்ள நீராவியில் வேகவைத்தால், அதில் இயற்கையாயுள்ள மெழுகு மேற்பரப்புக்கு வந்து பளபளப்பையும் நீர் ஒட்டாத தன்மையையும் தருகிறது. பின்னர் அதை நறுக்கிச் சுருட்டிக் குழலாக்குகின்றனர். கிராமத்துப் பெண்கள் செய்யக்கூடிய கைவேலை இது.

ஏக்கருக்கு 70 நெட்டை மரங்கள் உள்ள தோப்பில், மரத்துக்கு வருஷத்தில் 12 மட்டைகள் விழுந்தாலும் 840 மட்டைகள் கிடைக்கும். மட்டை ஒன்றுக்கு 200 இலைகளுக்குக் குறையாது. ஆனால் இதைக் கண்டு தோப்பிலுள்ள ஓலை முழுவதையும் அள்ளி விற்றுவிடலாகாது. மட்டையும் ஓலையும் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்து முதலியவற்றை மண்ணுக்கே திருப்பித் தருவன. மூடாக்காகவும் மண்புழு எருவாகவும் அவை தோப்புக்கு உணவு. ஆகையால் நல்ல ஓலைகளில் ஒரு பகுதியை மட்டும் கைத்தொழிலுக்குக் கொடுத்து, எஞ்சியதைத் தோப்பிலேயே விடுதல் வேண்டும். 2016-இல் பொள்ளாச்சியில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயினால் கரும்பூசணம் படர்ந்த ஓலைகளும், பூச்சிமருந்து தெளித்த அல்லது வேர் மூலம் மருந்து ஊட்டிய மரங்களின் ஓலைகளும் வாயில் வைக்கும் பொருளுக்கு உதவா. அவற்றை முன்பே கழித்துவிட வேண்டும்.

இவை யாவற்றிலும் சிறந்த வழி, குழலே இல்லாமற் குடிப்பதுதான். கிராமத்தில் காயின் வாயை அகலச் சீவி, இரு கைகளாலும் ஏந்தி, அண்ணாந்து குடிப்போம். மட்டையின் சாறு துணியில் பட்டால் கறை போகாதாகையால் நகரத்தார் குழலை நாடினர் என்பதும் உண்மையே. அதற்குப் பரிகாரம், வீட்டிலிருந்து ஒரு டம்ளரோ சொம்போ எடுத்துச் சென்று அதில் ஊற்றி வாங்கிக்கொள்வதாகும். ஆஸ்பத்திரிக்கு இளநீர் வாங்கிச் செல்வோர் இன்றும் பாத்திரத்தில் ஊற்றி எடுத்துப் போகவில்லையா? 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கி, மறந்துபோன துணிப்பையை மறுபடியும் ஜனங்களின் கையில் கொடுக்க முயன்றதுபோல், டம்ளர் கொண்டு செல்லும் வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவரலாம்.

ஒரு சாரார் விஷயத்தில் மட்டும் விலக்கு வேண்டும். படுக்கையிலிருந்து எழ இயலாத நோயாளிகள், கை நடுக்கமுள்ள முதியோர், வாயை நன்கு திறக்க முடியாதோர் ஆகியவர்களுக்குக் குழல் ஆடம்பரமன்று, அத்தியாவசியம். வளையும் குழலுக்கு 1937-இல் உரிமைப் பட்டயம் பெற்ற ஜோசப் பிரீட்மன், 1947-இல் அதை முதன்முதல் விற்றதும் ஓர் ஆஸ்பத்திரிக்கே என்பர். ராயப்பேட்டை போன்ற ஆஸ்பத்திரியின் வாசலில் இருப்போர் இதை மறத்தலாகாது. சௌக்கியமாயிருப்பவன் குழலை விட்டால்தான், நோயாளிக்கு ஏற்ற நல்ல குழலைக் கொடுக்க மனமும் வழியும் பிறக்கும்.

இனிச் செய்யவேண்டியவை யாவை? முதலாவது, இளநீர் விற்கும் விவசாயிகளும் அவர்களுடைய உற்பத்தியாளர் கம்பெனிகளும் நகரத்து வியாபாரிகளோடு பேசும்போது, காய்களுடன் ஓலைக் குழல் கட்டையும் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து பார்க்கலாம். விலை சற்று அதிகமாயினும், கேட்பவருக்கு மட்டும் கொடுப்பதென்று வைத்தால் செலவு குறையும். இரண்டாவது, வியாபாரி குழலைத் தானே செருகிக் கொடாமல், "குழல் வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கும்படி செய்தல் வேண்டும். கேட்ட மாத்திரத்தில் பலர் வேண்டாமென்று சொல்வர். மூன்றாவது, கலியாண வீடுகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் நீர்மோரும் பானகமும் எக்காலத்திலும் குழலின்றியே குடிக்கப்பட்டன. இளநீருக்கும் சர்பத்துக்கும் அவ்விதமே டம்ளர் வைக்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், நகரசபைகளைப் போலவே கிராம ஊராட்சிகளுக்கும் இதில் பொறுப்பை வைத்துள்ளன. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில், ஊர்க் கடைகளிலும் ஊர்ப் பொது வைபவங்களிலும் பிளாஸ்டிக் குழல் இல்லை என்று ஒரு தீர்மானம் செய்துவிட்டால், அதிகாரி தண்டிப்பதைவிட ஊரார் வார்த்தை அதிகப் பலனைத் தரும். நகரத்துக்குப் புத்தி சொல்லுமுன் நம் வீட்டு வாசலைப் பெருக்குவது முறையல்லவா?

தோப்பில் மரத்தடியில் விழும் ஓலை நாளடைவில் மட்கி அம்மரத்துக்கே உரமாகிறது. ராயப்பேட்டைத் தெருவில் விழும் பிளாஸ்டிக் குழலோ, அதை வாயில் வைத்துக் குடித்தவனுடைய ஆயுளுக்குப் பின்னும் துண்டு துண்டாய்க் கிடக்கும். இவ்விரண்டில் எதை நமது காயோடு அனுப்புவது என்பதை விளைவிப்போரே தீர்மானிக்கலாம். அடுத்த கோடை வெட்டுக்கு முன்னரே ஒவ்வொரு தென்னந்தோப்புச் சொந்தக்காரரும் தம்மிடம் காய் வாங்கும் வியாபாரியிடம் இதைப் பற்றி ஒரு முறை பிரஸ்தாபிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.