பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

ஊர் எவ்வளவு தூரம் என்று பிள்ளை கேட்டால், பெற்றோராகிய நாம் பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கையே விடையாகக் கூறுகிறோம். தூரத்தைக் கேட்ட பிள்ளைக்கு நேரத்தைச் சொல்கிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பலாலி, சென்னை ஆகிய இரு விமான நிலையங்களே பொருத்தமான பாடம்.

மாணவச் செல்வங்களே, தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். இவ்விரு நிலையங்களும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்றாக அமைந்துள்ளன. சென்னை நிலையம் வட அகலக்கோடு 13 பாகையிலும், பலாலி 9.8 பாகையிலும் உள்ளன. அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். இடையிலுள்ள 3.2 பாகையால் பெருக்கினால் 355 கிலோமீற்றர் வரும்.

இனி நேரத்தைப் பார்ப்போம். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் நடந்தது. அன்று காங்கேசன்துறை என்று வழங்கப்பட்ட விமானத்தளம் இந்தப் பலாலியே. பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது படைத்தளமாகிப் பன்னாட்டுப் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. வடக்கே செல்ல வேண்டிய யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே கட்டுநாயக்காவுக்கு 350 கிலோமீற்றருக்கும் மேல் தரைவழியே செல்ல நேர்ந்தது. அதுவும் பாதை திறந்திருந்தால்! அங்கிருந்து மீண்டும் வடக்கு நோக்கி 645 கிலோமீற்றர் பறந்தே சென்னையை அடைந்தனர். தேசப்படத்தில் எதுவும் அசையவில்லை. ஆயினும் 355 கிலோமீற்றர் ஏறத்தாழ ஆயிரமாயிற்று.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020இல் கொள்ளைநோயால் நின்றுபோன சேவை, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கியது. இத்தடத்தில் சுழல்விசிறி பூட்டிய சிறு விமானம் சென்னையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலத்தில் பலாலியை அடைகிறது. கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் ஜெட் விமானமோ ஏறத்தாழ இரு மடங்கு தூரத்தைச் சற்றொப்ப அதே நேரத்தில் கடந்துவிடும். பெரிய ஜெட் விமானங்கள் இறங்கப் பலாலி ஓடுபாதையின் நீளம் போதாது.

ஆகவே ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று நம்மவர் பலர் கோருகின்றனர். கோரிக்கை நியாயமானதே. ஆனால் அதனைச் சூழ்ந்துள்ள செம்மண் தோட்டக் காணிகள் 1990இல் இடம்பெயர்ந்த மக்களுடையவை. பல காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் காத்திருப்போரும் உளர். விடுமுறைக்குச் செல்லும் நமக்குச் சில மணித்தியாலங்கள் மிச்சமாவதற்காக அவர்கள் வீடு திரும்புவது மேலும் தள்ளிப்போவதை நான் ஏற்கமாட்டேன். முதலில் காணிக்காரரின் சம்மதம், பின்னரே ஓடுபாதை.

அதுவரை சிறு விமானமே போதும். பொதியின் நிறையைக் குறைக்க வேண்டியிருக்கும். சொந்தக்காரருக்கென்று நாம் சுமக்கும் சொக்லேற்றில் பாதியை விட்டுச் சென்றால் ஒருவரும் கோபிக்கப் போவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அம்மம்மா, அப்பப்பா, பெற்றோர் ஆகியோருள் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை சென்றவர் எவரேனும் இருந்தால் அவரிடம் கேளுங்கள்: எந்த ஆண்டில், எந்த வழியால், விமானத்திலா, இரவில் படகிலா, எத்தனை நாள் எடுத்தது? விடையை 355 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.