ஓட்டு மாறினால் புத்தி மாறிவிட்டதா?

"காரைக்குடி ஜனங்கள் திருந்திவிட்டார்கள்" என்று தோழர்கள் சிலர் பூரிக்கிறார்கள். யோசித்துப் பார்ப்போம்.

இத்தொகுதி 2001-ல் பாரதிய ஜனதாவின் எச். ராஜாவைச் சட்டசபைக்கு அனுப்பிற்று. 2021-ல் அவரையே தோற்கடித்துக் காங்கிரசின் மாங்குடியை அனுப்பிற்று. அப்படியானால் ஜனங்கள் புத்தியை அடகு வைத்து, இருபது வருஷம் கழித்து மீட்டுக்கொண்டார்களா? இல்லவே இல்லை. 2001-ல் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்திருந்தது பா.ஜ.க.; 2021-ல் காங்கிரஸ். கூட்டு மாறிற்று, ஓட்டும் மாறிற்று. மூளை மாறியதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கிறோம்.

சொந்த வாழ்வில் அடிபட்டு ஓட்டை மாற்றுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள கலிபோர்னியா, 1952 முதல் 1988 வரை, 1964 நீங்கலாக, ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கே ஓட்டளித்தது. 1992-ல் ஜனநாயகக் கட்சிக்கு மாறிற்று. 1994-ல், அனுமதியின்றிக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவை அடைக்கும் சட்டத்தைக் குடியரசுக் கட்சிக் கவர்னர் ஆதரித்தார். ரோஷங்கொண்ட குடியேறியோர் பலர் பிரஜா உரிமை பெற்று ஓட்டுச்சாவடிக்கு வந்தார்கள். மாறிய மாகாணம் பிறகு திரும்பவேயில்லை.

இங்கோ? சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ல் அண்ணாதுரை சர்க்கார் சட்டம் செய்தது. அக்கட்சிக்கு ஓட்டளிக்கும் வீடுகளில் புரோகிதரில்லாமல் கல்யாணம் நடப்பது எத்தனை வீட்டில்? வேட்பாளரே ராகுகாலம் பார்த்தல்லவா மனுக் கொடுக்கிறார்!

ஆதலால் தோழர்களே, அடுத்த தேர்தலுக்குக் காத்திராதீர்கள். உங்கள் வீட்டில் நடக்கும் அடுத்த கல்யாணத்திலேயே ஆரம்பியுங்கள்.